ஒன்றேகால் ஆள்

குற்றவாளி கைரேகையைத் துடைக்கலாம். காலடித் தடத்தை அழிக்கலாம். சாட்சியை மிரட்டலாம். ஆனால் தான் விட்ட மூச்சை மட்டும் எந்தக் குற்றவாளியாலும் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. மூச்சு என்பது மனிதன் காற்றில் போட்டுவிட்டுப் போகும் கையெழுத்து.

இந்த வாக்கியங்களை நான் போன வாரம் தொலைபேசியில் ‘மூச்சு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே தயார் செய்துவிட்டேன். மற்ற விவரங்களைக் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. போன வழக்கில், தொலைந்துபோன கைப்பெட்டியை மூன்று நாள் அதன் மேலேயே உட்கார்ந்து யோசித்துத் தேடியவன் நான். ஆகவே இந்த முறை முதல் வாக்கியமாவது சரியாக அமைய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் எண் வைப்பறை வாசலில் மூன்று பேர் நின்றோம். நான், நிலையத்தின் இயக்குநர், என் உதவியாளர். உதவியாளர் என்றால் என் மச்சினி, மனைவியின் தங்கை. கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். அதை விட்டுவிட்டு என்னிடம் ஏன் சேர்ந்தாள் என்று யாராவது கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவாள்: “அக்காதான், கூடவே இருந்து பாத்துக்கோன்னு அனுப்பி வச்சா.”

இயக்குநருக்கு எதிரே இரண்டு பேர் நின்றாலே அது கூட்டம். வாயைத் திறந்தாலே அது உரை.

“நண்பர்களே! என் வாழ்நாள் சாதனையான ஏழாம் ரகம் இந்த அறைக்குள்தான் வைக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு முத்து முத்தாக இருக்கிறது. நட்டால் ஒரு கிழங்குகூட முளைக்கவில்லை. ஏன்? சனி, ஞாயிறுகளில் இந்த அறைக்குள் யாரோ குடியிருக்கிறார்கள். என் கிழங்கைக் கெடுத்தவன் அவன்தான்!”

ஏழாம் ரகத்தை அவர் உருவாக்கினார் என்றால், அவர் இயக்குநர் நாற்காலியில் இருந்தபோது அது உருவானது என்று பொருள். அவர் படித்தது நிர்வாகம்.

அவரிடம் ஆதாரம் இருந்தது. சுவரில் கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை பூட்டும்போது காட்டுவதைப்போல் பத்து மடங்கைத் திங்கட்கிழமை காட்டும். அறையின் சூடு இரண்டு டிகிரி ஏறியிருக்கும். சுவரெல்லாம் வியர்த்திருக்கும். சாவியோ ஸ்டோர்கீப்பர் அம்மாவிடம் மட்டும்தான். பத்தொன்பது வருட சர்வீஸ். மாலை நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. வேலை நீக்க உத்தரவு ஏற்கனவே தயார்; குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலையோடு, மாமியாரும் இரண்டு பெண்களும் இருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். நான்கு மணிக்குள் உள்ளே இருந்தவன் யார் என்று நான் சொல்ல வேண்டும்.

“இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று இயக்குநர் ஒரு நகலை நீட்டினார். வைப்பறைப் பதிவேட்டின் பக்கம். ஸ்டோர்கீப்பர் அம்மாவின் கையெழுத்தில், ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் நேரே ஒரே வரி: ‘அறை 3: சுவாசம் கூடியுள்ளது.’

“ஒப்புதல் வாக்குமூலம்!” என்றேன் நான்.

“ஏன் அத்தான், ஆளை ஒளிச்சு வக்கிறவங்க வாராவாரம் அதை நோட்டுலயும் எழுதி வப்பாங்களா?” என்றாள் மச்சினி.

“குற்றவாளிக்குள்ள ஒரு கலைஞன் இருப்பான். கையெழுத்துப் போடாம அவனால இருக்க முடியாது.”

“உங்களுக்குள்ள யாரு இருக்கான்னுதான் தெரியல.”

வெள்ளிக்கிழமை மாலையே நான் என் பொறியை வைத்திருந்தேன். அறையின் தரை முழுவதும் மைதா தூவி, கதவைப் பூட்டி, பூட்டுக்கு அரக்கு முத்திரையும் வைத்தாயிற்று. இப்போது முத்திரை அப்படியே இருந்தது. உடைத்துத் திறந்தோம். மைதா முகத்துக்குப் பவுடர் பூசியதுபோல வழவழவென்று கிடந்தது. ஒரு எறும்பின் கால்கூடப் படவில்லை. மீட்டர் மட்டும் பத்து மடங்கு காட்டியது.

“யாரும் வரலயே அத்தான்.”

“வரல. அதனாலதான் சொல்றேன், உள்ளயே இருக்கான்.”

மைதாவை மிதித்துக்கொண்டு அறையின் நடுவில் போய் நின்றேன். சுற்றிலும் நாற்பத்தெட்டு மரப்பெட்டிகள், மூன்று டன் விதை உருளைக்கிழங்கு. மூலையில் ஆறு பெட்டிகளைப் பளபளக்கும் தடித்த பாலிதீன் உறை இறுக்கிச் சுற்றியிருந்தது. உறை முழுக்க இயக்குநரின் சிரித்த முகம் அச்சாகியிருந்தது. அதுதான் ஏழாம் ரகம்.

“மரியாதையா வெளிய வந்துடு!” என்று கர்ஜித்தேன். “தப்பிக்க வழியில்ல!”

மூன்று டன் உருளைக்கிழங்கு என்னைப் பார்த்தது.

“கூச்ச சுபாவம் போல,” என்றாள் மச்சினி.

ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக அறிக்கை எழுதாமல் இருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு மனிதன் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கரியமில வாயு விடுவான், அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எத்தனை மணி நேரம் பூட்டியிருந்தது என்று கணக்குப் போட்டேன். இரண்டு முறை போட்டேன். விடை ஒன்றேகால் வந்தது.

“ஒன்றேகால் ஆள்,” என்று அறிவித்தேன்.

“கால் ஆள் யாரு?”

“கைக்குழந்தை.”

“ஒரு கைக்குழந்தை ரெண்டரை நாளா சத்தமே போடாம இருந்துச்சா? எந்தக் கடையில வாங்கினாங்கன்னு கேளுங்க, என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு வேணும்.”

இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் தொழில் நடக்காது. ‘வைப்பறையில் ஒரு வளர்ந்த ஆணும் ஒரு கைக்குழந்தையும் மறைந்து வாழ்ந்துள்ளனர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது’ என்று எழுதி, பத்து மணிக்கு இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் விசாரணைக் குழுவின் கோப்பில் சேர்த்தார்.

பதினோரு மணிக்கு அதே வைப்பறையின் கதவுக்கு உட்புறம் நாற்காலி போட்டு ஸ்டோர்கீப்பர் அம்மாவை விசாரித்தேன். குள்ளமான அம்மாள். சணல் சாக்கின் நார் சேலையில் ஒட்டியிருந்தது. சாக்குத் தைக்கும் ஊசியைக் கீழே வைக்காமலேயே பேசினார்.

“உள்ள மூச்சு விடுறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று எடுத்த எடுப்பிலேயே அடித்தேன்.

“தெரியாம என்ன சார்? நான்தான பாத்துக்கறேன்.”

என் பென்சில் முனை ஒடிந்தது. மச்சினி தன் பென்சிலைக் கொடுத்தாள்.

“எப்ப வந்தது?”

“நாலு மாசமாச்சு. மலையில இருந்து லாரியில வந்துச்சு. இறக்கி வக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுபோச்சு சார்.”

‘தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. போதை?’ என்று எழுதிக்கொண்டேன்.

“சாப்பாடு யார் தர்றது?”

“வெளியில இருந்து ஒண்ணும் தரக்கூடாது. உள்ள இருக்கற மாவை வச்சே ஓட்டிக்கும்.”

‘மாவு பதுக்கல்.’

“உள்ள லைட்டே காணோமே?”

“ஐயோ, வெளிச்சமே ஆகாது சார். பட்டா உடம்பு பச்சையாயிரும்.”

‘தோல் வியாதி’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். அடையாளம் காண உதவும்.

“எப்பவும் முழிச்சுத்தான் இருக்குமா?”

“தூங்கிட்டேதான் இருக்கு. மாசக்கணக்கா தூங்கும். தூங்கினா மட்டும் மூச்சு நிக்குமா சார்?”

“இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் மறைச்சீங்க?”

“எங்க மறைச்சேன்? வாராவாரம் நோட்டுல எழுதுறேனே. எழுதி எழுதி எனக்குத்தான் விரல் தேஞ்சுபோச்சு.” அந்த அம்மா முதல்முறையாகத் தையலை நிறுத்தினார். “இப்ப அதையே தூக்கிட்டு வந்து என்னை வெளிய போங்கறாங்க.”

நோட்டை மூடிக்கொண்டு வெற்றி வீரனாக வராந்தாவுக்கு வந்தேன். மச்சினி தூணில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொன்னேன்.

“அத்தான், அந்தம்மா பேசினதைக் கவனிச்சீங்களா?”

“ஒரு எழுத்து விடாம.”

“கடைசி எழுத்தை விட்டுட்டீங்க. ‘ஓட்டிக்குவான்’ன்னு சொன்னாங்களா? ‘ஓட்டிக்குவாங்க’ன்னு சொன்னாங்களா? வந்துச்சு, ஓட்டிக்கும், பச்சையாயிரும், தூங்கும். ஒண்ணுகூட மனுஷனுக்குப் போடற வினை இல்ல. எல்லாம் அஃறிணை.”

ஒரு நிமிடம் ஆடிப்போனேன். ஆனால் நான் அவ்வளவு சுலபமாக உண்மையிடம் சரணடைபவன் இல்லை.

“அதெல்லாம் ஒரு துப்பா? சில பேரு மனுஷனையும் அது இதுன்னுதான் சொல்லுவாங்க. உங்க அம்மாவே ‘அது வீட்டுக்கு வந்துடுச்சா’ன்னுதான என்னைக் கேப்பாங்க?”

“உங்களை மட்டும்தான் அத்தான் அம்மா அப்படிக் கேப்பாங்க. அதை வேற ஒரு நாள் துப்பறிங்க. இப்ப உள்ள வாங்க.”

திரும்பிப் போனோம். மச்சினி நேராகக் கேட்டாள்: “அக்கா, நீங்க இவ்வளவு நேரம் உருளைக்கிழங்கைப் பத்தித்தான பேசினீங்க?”

“பின்ன? சார் வேற யாரைப் பத்திக் கேட்டாரு?”

ஒன்றேகால் ஆளைப் பற்றி மச்சினி விளக்கினாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஊசி கையிலிருந்து விழுந்து, அதைத் தேட ஐந்து நிமிடம் ஆயிற்று. நான்தான் கண்டுபிடித்தேன். பாதத்தால்.

“சார், மூக்குல காத்து போயிட்டு வர்றது வெறும் மூச்சு. சுவாசம்னு நாங்க எழுதறது அதுக்கும் உள்ள நடக்கறது,” என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு. “உயிர் இருக்கற ஒவ்வொரு செல்லுலயும் நடக்கும். உங்க செல்லுலயும் நடக்குது, இந்தக் கிழங்கு செல்லுலயும் நடக்குது. மாவைச் சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஆக்ஸிஜனோட சேத்து, தீ இல்லாம, புகை இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா எரிக்கற மாதிரின்னு வச்சுக்கங்களேன். அதுல வர்ற சக்தியிலதான் உயிர் நிக்குது.”

“மிச்சம்?” என்று கேட்டாள் மச்சினி.

“மிச்சம் கரியமில வாயு, தண்ணி. கைக்குப் பிடிபடாத சக்தி சூடாப் போயிரும்.”

மீட்டர் ஏறியது வாயுவால். சுவர் வியர்த்தது தண்ணீரால். இரண்டு டிகிரி கூடியது சூட்டால். நான் சேகரித்த மூன்று ஆதாரங்களும் ஒரே வாக்கியத்தில் வரிசையாக எழுந்து நின்று, அந்த அம்மாவின் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டன.

“கிழங்குக்கு மூக்கு கிடையாதே!” என்றேன், கடைசிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு.

ஒரு கிழங்கை எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினார். தோலில் ஊசி முனைபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். “இதான் வாசல். இது வழியாக் காத்து போகும், வரும்.”

மச்சினி என் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தாள். “மூணு டன் கிழங்கு கிட்டத்தட்ட ஒன்றேகால் ஆள் அளவுக்கு வாயு விடுது. உங்க கணக்கு சரிதான் அத்தான். ஆளு மட்டும்தான் தப்பு.”

ஆக, உள்ளே யாரும் இல்லை. அப்படியானால் ஏழாம் ரகத்தைக் கெடுத்தது யார்? நான் கேட்கவில்லை, கேட்கும் நிலையில் இல்லை. அந்த அம்மாவே மூலைக்குப் போய், இயக்குநரின் சிரித்த முகத்தைக் கொஞ்சம் கிழித்து, ஒரு கிழங்கை வெளியே எடுத்தார். மேலே தேய்த்து வைத்த செம்புபோல மினுமினுப்பு. கத்தியால் இரண்டாக வெட்டினார். நடுவில் கரிக்கட்டை.

“மூச்சுத் திணறிச் செத்திருக்கு,” என்றார். “பெரிய மனுஷங்க பாக்க வர்றாங்கன்னு உறை போட்டாங்க. போனப்புறமும் கழட்டக் கூடாதுன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை ஆனா எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்திடணும்னு சர்க்குலர். மத்த பெட்டியெல்லாம் எப்படியோ சமாளிச்சுக்கிச்சு. இது என்ன பண்ணும்? ஆக்ஸிஜன் இருந்தா ஒரு துளிச் சர்க்கரையில முப்பது பங்கு சக்தி எடுக்கும். இல்லாட்டி ரெண்டே பங்கு. முப்பதுல குடும்பம் நடத்தினது ரெண்டுல எத்தனை நாள் தாங்கும்? நடுவுக்குத்தான் காத்து கடைசியா போய்ச் சேரும். அதான் முதல்ல நடு கருகுது.”

“இதை நீங்க டைரக்டர்கிட்ட சொல்லலயா?”

பதிவேட்டின் மூலத்தை எடுத்து விரித்தார். அகலமான நோட்டு. நிலையத்தின் நகல் மெஷின் சின்னத் தாளைத்தான் எடுக்குமாம்; நகலில் பக்கத்தின் பாதி விழவே இல்லை. மூலத்தில் வரி முழுதாக இருந்தது: ‘அறை 3: சுவாசம் கூடியுள்ளது. வார இறுதியிலும் ஃபேன் ஓட வேண்டும். ஏழாம் ரகத்தின் உறையைக் கழற்ற அனுமதி தேவை.’ அதற்கு நேரே, சாய்ந்த அழகிய எழுத்தில், ‘பார்த்தேன்’ என்று எழுதி இயக்குநரின் கையொப்பம். பதினாறு வாரம். பதினாறு ‘பார்த்தேன்’.

“வேணும்னே மறைச்சிருக்கார்!” என்று துள்ளினேன்.

“இல்ல அத்தான்,” என்றாள் மச்சினி. “மறைக்கணும்னா முதல்ல படிச்சிருக்கணும்.”

வழக்கு முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தேன். மச்சினி சாயவில்லை.

“கோப்புல உங்க அறிக்கை இருக்கு. ஐயத்துக்கு இடமில்லாம நிரூபணம்னு எழுதியிருக்கீங்க. அதை வச்சுத்தான் இந்த அக்காவை வெளிய அனுப்பப் போறாங்க.”

அந்த அம்மா சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தார். “நான் பத்தாவதுதான் சார்,” என்றார் மெதுவாக. “நான் சொன்னா யார் கேப்பாங்க?”

நான்கு மணி. விசாரணைக் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வகை. என் அறிக்கையை உரக்கப் படித்தார். ‘கைக்குழந்தை’ என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பவும் ஒருமுறை படித்தார்.

“குழந்தை இப்ப எங்க இருக்கு?”

“குழந்தை இல்லைங்க அம்மா,” என்றேன் எழுந்து.

“அந்த ஆண்?”

“அவரும் இல்லைங்க.”

“அப்ப மூச்சு விட்டது?”

“உருளைக்கிழங்குங்க.”

அறையில் இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் சிரித்தார்கள். என் தொழிலில் இது எனக்குப் புதிதில்லை. ஆனால் வழக்கமாக என் முதுகுக்குப் பின்னால்தான் சிரிப்பார்கள்.

சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். என் அறிக்கை முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை தவறு என்றேன். வெட்டிய கிழங்கை மேசையில் வைத்தேன். பதிவேட்டைத் திறந்து பதினாறு ‘பார்த்தேன்’களையும் வாசித்துக் காட்டினேன். ஆறாவதிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. பதினொன்றாவதில் இயக்குநர் எழுந்துவிட்டார்.

“மாண்புமிகு தலைவி அவர்களே! உருளைக்கிழங்கு மூச்சு விடுகிறது, உறைக்குள் திணறிச் சாகிறது என்று சொல்வது யார்? பத்தாம் வகுப்பு படித்த ஒரு ஸ்டோர்கீப்பர்! சாக்குத் தைப்பவர் சொல்வதை விஞ்ஞானமாக ஏற்பதா?”

தலைவி யோசித்தார். “அந்தம்மா சொல்றது எனக்கு நியாயமாத்தான் படுது. ஆனா இது துறை சம்பந்தப்பட்ட விஷயம். செடி கொடி பத்திப் படிச்சுப் பட்டம் வாங்கின ஒருத்தர், இந்த விளக்கம் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா இப்பவே உத்தரவை ரத்து பண்றேன். இல்லாட்டி கோப்புல இருக்கறதை வச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும்.”

நிலையத்தின் இரண்டு விஞ்ஞானிகள் முன்வரிசையில் இருந்தார்கள். இருவரும் இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தன் செருப்பின் வாரை ஆராய்ந்தார். இன்னொருவர் அந்த ஆராய்ச்சியில் அவருக்கு உதவினார்.

ஸ்டோர்கீப்பர் அம்மா யாரையும் பார்க்கவில்லை. கொத்துச் சாவியிலிருந்து குவார்ட்டர்ஸ் சாவியை மட்டும் தனியாகக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“யாரும் இல்லையா?” என்றார் தலைவி, பேனாவை எடுத்துக்கொண்டு.

மச்சினி என் விலாவில் குத்தினாள். “எழுந்திரிங்க.”

“வேணாம்.”

“எழுந்திரிங்க அத்தான். உங்க வீட்டு ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு. வாராவாரம் அக்காதான் தொடைக்கிறா.”

“இப்ப போய்ச் சொன்னா காலையிலருந்து நடந்ததுக்கெல்லாம் என்ன நினைப்பாங்க?”

“என்ன நினைக்கணுமோ அதை நினைப்பாங்க. அந்த சாவியைப் பாருங்க.”

பார்த்தேன். எழுந்து மேசைக்குப் போனேன். அந்த அம்மா சொன்னதை எழுத்தர் குறித்திருந்த தாளில் ‘மேற்கண்ட விளக்கம் சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தலைவி அதை ஊன்றிப் படித்தார். ஸ்டோர்கீப்பர் அம்மா மேலான உத்தரவு ரத்து, ஃபேன் இன்றிலிருந்தே இரவும் பகலும் ஓட வேண்டும், உறைகளை உடனே அகற்ற வேண்டும், பதிவேட்டைப் பற்றி இயக்குநர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று தலைவி சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். ஸ்டோர்கீப்பர் அம்மா சாவியைக் கொத்தில் திரும்பக் கோத்துக்கொண்டார். இரண்டு தடவை தவறியது.

“ஒரு நிமிஷம்,” என்று தலைவி தாளை என் பக்கம் திருப்பினார். “கையெழுத்துக்குக் கீழ உங்க படிப்பை எழுதுங்க.”

எழுதினேன். நான் தாவரவியல் பட்டதாரி. இரண்டாம் வகுப்பு.